ஆறு போட்ட கோடு

இந்தோனேசியத் தீவான சுலாவெசியின் அந்த மூலையில் ஆறுதான் இரண்டு ஊர்களுக்கும் எல்லை. போன வருட வெள்ளத்தில் ஆறு திசைமாறி, பக்கத்து ஊர்த் தலைவர் ஜுமாதியின் சோளக்காடு இந்தக் கரைக்கு வந்துவிட்டது. "ஆறு ஆண்டவன் போட்ட கோடு. இனி இது எங்க ஊரு" என்று இந்தக் கரை ஊரின் தலைவர் ஹருனா ஒரே பிடியாக நின்று, மாவட்ட ஆபீஸ் வரை போய் ஜெயித்தும் வந்தார்.

இந்த வருடம் ஆறு மறுபடி புரண்டது. விடிந்து பார்த்தால் ஹருனாவின் வீடே அந்தக் கரையில் இருந்தது.

ஜுமாதி சாவகாசமாக வந்து ஹருனாவின் திண்ணையில் உட்கார்ந்தார். "எங்க ஊருக்கு வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம்."

"வெளையாடாதீங்க. இன்னைக்கு இங்க ஓடும், நாளைக்கு அங்க ஓடும். ஆத்தைப் போயி எல்லைன்னு எவனாவது சொல்வானா?"

"நீங்கதான் சொன்னீங்க, தலைவரே. வெளியூர் ஆளு ராத்தங்கினா ஊர்த் தலைவர்கிட்ட வந்து சொல்லணும். இதோ, உங்க வாசல்ல நீங்களே மாட்டின போர்டுல அப்படித்தான் இருக்கு."

ஹருனா உள்ளே பார்த்துக் கத்தினார். "ஏம்மா, கேட்டியா இந்த அநியாயத்தை?"

அவர் மனைவி ரோஸ்னா ஜுமாதியின் ஊரில் பிறந்தவள். வாழைப்பழ பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து ஜுமாதியின் முன்னால் வைத்துவிட்டு, கணவரிடம் திரும்பினாள்.

"நான் பொறந்த ஊருக்கு வந்துட்டேன். வெளியூர் ஆளு நீங்கதான், தலைவர்கிட்ட சொல்லிடுங்க."