பேரைச் சொன்னால்தான் நகல்

அரியலூர் கோர்ட்டில் குஞ்சம்மாளுக்கு நாக்கு எழவில்லை. பதினெட்டு வருசத்துக்கு முன்னால் வந்த விவாகரத்துத் தீர்ப்பின் நகலைக் காட்டினால்தான் அரியமுத்துவோடு கல்யாணத்தைப் பதிய முடியும் என்று பதிவு ஆபீசில் சொல்லிவிட்டார்கள். கேஸ் நம்பர் அவளுக்குத் தெரியாது.

“கேஸ் போட்டது ஒங்க மொத வீட்டுக்காரருதானே? அவரு பேரச் சொன்னா தேடிரலாம்மா,” என்றார் கிளார்க் கலைமணி.

கட்டினவன் பேரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் அவள். அடித்துத் துரத்தியவன்தான், ஆனாலும் அந்தப் பேரை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

“முருகன் கையில இருக்குமேங்க, அதுல முடியும்.”

“விடுகதை போட்டா ரிஜிஸ்டர்ல எங்கம்மா தேடுறது? அத்துவிட்ட ஆளுக்கு இன்னும் என்ன மரியாதை?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “முத்துவேலு!” என்றாள், வரப்பில் நின்று ஆள் கூப்பிடுவதுபோல. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அரை மணி நேரம் புரட்டிய கலைமணி ஓரிடத்தில் விரல் வைத்தார். “இருக்கும்மா. மனு எழுதிக் குடுங்க, அடுத்த வாரம் நகல் வாங்கிக்கலாம்.”

வெளியே அரியமுத்து கவலையோடு நின்றிருந்தார். “கெடைச்சுதா?”

“கெடைச்சிருச்சு. வாங்க அரியமுத்து, டீ குடிப்போம்.”

“என்ன புள்ள, கட்டிக்கிறதுக்கு முன்னாடியே பேரச் சொல்ற?”

“கட்டினப்புறமும் சொல்லுவேன்,” என்றாள் குஞ்சம்மாள்.