ஐந்தாவது ஆள்

தென்பெண்ணைக் கரையில் அழகான ஊர் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, 1957இல் என் மனைவி, மச்சான், அவன் மனைவி ஆகியோரோடு போனேன். மணலில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். ஊர்த் தலையாரி திம்மப்பன் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, ஆற்றுக்குள் நின்றபடியே எங்களை எண்ணினார்.

“கரைக்கு வாங்களேன்,” என்றேன்.

“வந்தா அஞ்சு பேராயிடுமுங்க. முப்பது வருசத்துக்கு முன்னால ரெண்டு தெருவும் வெட்டிக்கிச்சு. கரையில அஞ்சு பேர் கூடக் கூடாதுன்னு வெள்ளைக்காரத் துரை உத்தரவு போட்டுட்டாரு.”

எனக்கு எரிச்சல் வந்தது. “துரை கப்பலேறிப் பத்து வருசமாச்சு. ரெண்டு தெருவும் ராசியாகி, உத்தரவை எடுக்கச் சொல்லி எழுதிப் போட வேண்டியதுதானே?”

“ராசி பேசற பஞ்சாயத்து இந்தக் கரையிலதாங்க உக்காரும்,” என்றார் திம்மப்பன். “அதுக்கு அஞ்சு பேர் வேணுமே.”