பிரிக்காத அட்டைக் கட்டு

விடிவதற்குள் நாற்பது வீட்டு வாளிகளைத் தூக்கியாக வேண்டும். பச்சை வாளியில் உணவுக் கழிவு, நீல வாளியில் காகிதமும் பிளாஸ்டிக்கும். கலந்து போட்டிருந்தால் தூக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும். அந்த வாளியைத் தொடாமல், கைப்பிடியில் சிவப்பு அட்டை கட்டிவிட்டு வர வேண்டும் என்பது சட்டம். அட்டைக் கட்டோ வந்த நாளிலிருந்து லாரி இருக்கைக்கு அடியில் பிரிக்காமல் கிடந்தது. அட்டை தொங்கினால் வீட்டுக்காரர்கள் புகார் செய்வார்கள், குத்தகை கைநழுவிவிடும் என்று கான்ட்ராக்டர் தடுத்துவிட்டார். அதனால் லாரியின் பின்னால் நின்று, ஊசிப்போன சாப்பாட்டுக்குள் வெறுங்கையை விட்டு நாங்களே பிரித்தோம்.

நாங்கள் குப்பை எடுக்கும் தெருவுக்கு நகராட்சியின் பாராட்டுப் பத்திரம்கூடக் கிடைத்தது. மக்கள் திருந்திவிட்டார்களாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போன வாரம் ஒரு பச்சை வாளிக்குள் கிடந்த உடைந்த கண்ணாடி ஜாடி, என்னோடு வேலை செய்யும் என் நாத்தனாரின் வலது கையில் இரண்டு விரல்களைக் கிழித்தது. தையல் போட்டார்கள். உணர்வு திரும்பவில்லை. கண்ணை மூடச் சொல்லி ஊசியால் குத்திப் பார்த்தேன். "எங்க குத்துறீங்க அண்ணி?" என்றாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. உள்ளுக்குள் நானும் மரத்துப் போயிருந்தேன்.

இன்று லாரி கிளம்பும் நேரத்தில் கான்ட்ராக்டர் வந்தார். தையல் போட்ட கையோடு வந்திருந்த நாத்தனாரைக் காட்டி, நாளையிலிருந்து அவளுக்கு வேலை இல்லை என்றார்.

"கண்ணாடி கிடக்கான்னு பாத்து எடுக்க வேணாமா?"

"எடுக்குறது எங்க வேலையே இல்லைங்க. அட்டை கட்டுறதுதான் வேலை. நீங்கதான் கட்ட விடல." என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"சட்டம் பேசுறியா? நீயும் அவளோட கிளம்பு. ஆளுக்கா பஞ்சம்?"

ஓட்டுநர் அண்ணன் வாயைத் திறப்பதே கொட்டாவி விடத்தான் என்று கேலி செய்வோம். அவர் இறங்கிவந்து லாரிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப வண்டிக்கும் ஆள் பாத்துக்கங்க."

எங்களோடு குப்பை எடுக்கும் மற்ற மூவரும் அவர் பக்கத்தில் போய் நின்றார்கள். கான்ட்ராக்டர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். வேறு ஆட்களைக் கூப்பிடுகிறார் என்று எங்களுக்குத் தெரியும். யாரும் நகரவில்லை.

இருக்கைக்கு அடியிலிருந்து அட்டைக் கட்டை இழுத்துப் பிரித்து, ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். நடந்தே தெருவுக்குப் போனோம். முதல் வீட்டிலேயே பச்சை வாளியில் சாப்பாடும் பாட்டிலும் கலந்து கிடந்தன. நாத்தனார் அட்டை நூலின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு இடது கையால் முடிச்சுப் போட்டாள். வலது கை பேருக்குத்தான் கூட இருந்தது.

"இறுகிடுச்சா அண்ணி? எனக்குத் தெரிய மாட்டேங்குது."

தொட்டுப் பார்த்தேன். "இறுகிடுச்சு. அடுத்த வீட்டுக்கு வா."