ஆட்டோ கடந்துபோகும் நேரம்

கோவில்பதாகையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடும் மாவு மில் விளம்பரத்தை எழுதியது நான். வாயால் சொல்லச் சிரமப்பட்ட விஷயம் இது. அதனால் எழுதி வைக்கிறேன்.

இயற்பியல் முடித்துவிட்டு ஆவடியில் ஹேமநாதன் சாரின் விளம்பரக் கடையில் சேர்ந்தேன். ஃப்ளெக்ஸ், நோட்டீஸ், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பு, இவைதான் தொழில். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் போதும், யாரிடமும் பேச வேண்டாம் என்பதால் அந்த இடம் எனக்குப் பிடித்தது. அறிவிப்புகளை சாரே தன் கனத்த குரலில் பதிவு செய்வார்.

சித்திரை பிறந்ததும் கன்னியம்மாள் அக்கா கடைக்கு வந்தார். பட்டாபிராமில் ஒரு மில்லில் பல வருஷம் வேலை பார்த்தவர். இப்போது கோவில்பதாகை ஏரிக்கரையில் சொந்தமாக மில் போட்டிருந்தார்.

"மொளகா சீசன் ரெண்டு மாசந்தான் சார். இப்ப வர்றவங்கதான் வருஷம் பூரா வருவாங்கோ. இத்த உட்டா நான் ஈ ஓட்டிகினு கெடக்கணும். எங்க பழைய மொதலாளி, 'போயிட்டு வா, திரும்பி இங்கதான் வருவ'ன்னு சிரிச்சிகினே அனுப்பிச்சாரு."

"நீ எழுது பவித்ரா," என்றார் சார்.

நான் முதல்முதலாக எழுதிய அறிவிப்பு அது. 'அன்பார்ந்த கோவில்பதாகை வாழ் பொதுமக்களே' என்று தொடங்கி, திறப்பு விழா, வாழ்த்து, அரைக்கும் பொருள்கள், கடைசியில் முகவரி என்று ஒரு குறையும் இல்லாமல் எழுதினேன். சார் ஏற்ற இறக்கத்தோடு படித்தார். "ரேடியோவுல போடலாம்மா," என்றார்.

ஞாயிறு காலை கோவில்பதாகையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அம்மாவோடு மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கடைக்கு அறிவிப்பு ஓட்டும் துலுக்கானம் அண்ணனின் ஆட்டோ தெருமுனையில் திரும்பியது. நான் கைப்பிடிச் சுவருக்குக் கீழே குனிந்துகொண்டேன். சாரின் குரல் நெருங்கி வந்தது.

"...குடும்பத்தார் சார்பில் தங்கள் அனைவரையும் இருகரம் கூப்பி..."

அவ்வளவுதான். ஆட்டோ போய்விட்டது. மீதி அடுத்த தெருவில் முணுமுணுவென்று கேட்டது.

பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மங்களம் அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா ஞானம், யாரு ஊட்டுக் கல்யாணம்?"

"கல்யாணமா? யாரோ செத்துப் பூட்டாங்கன்னு நெனச்சேன் நானு," என்றார் அம்மா.

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நான் மிளகாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கன்னியம்மாள் அக்கா கடைக்கு வந்து உட்கார்ந்தார். கோபமாக வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு மூணு பேரு வந்தாங்கோ. ஒரு பெரியவரு பந்தி எத்தினி மணிக்குன்னு கேட்டாரு."

"சவுண்டு பத்தல," என்றார் சார். "இந்த வாரம் ரெண்டு ஸ்பீக்கர் கட்டிடலாம்."

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் இப்டியே போச்சுன்னா நான் பட்டாபிராம் பஸ்ஸு ஏற வேண்டியதுதான் சார்."

"சத்தம் பிரச்சனை இல்ல சார்," என்றேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நிறுத்தியிருப்பேன். ஆனால் விடை தெரிந்த கேள்வி அது. "வீடு நிக்குது, ஆட்டோ ஓடுது. ஒரு வீட்டைத் தாண்டறதுக்குள்ள ஒரு மூச்சு நேரம்தான் இருக்கு. அந்த மூச்சுல எது காதுல விழுதோ அதுதான் அந்த வீட்டுக்கு விளம்பரம். நான் எழுதினத முழுசா கேட்டது துலுக்கானம் அண்ணன் மட்டும்தான்."

"அப்ப வீட்டுக்கு வீடு நிறுத்தச் சொல்லட்டா?"

"வேணாம் சார். எந்த இடத்துல வெட்டினாலும் அந்தத் துண்டு முழுசா இருக்கணும். அப்படி எழுதலாம்."

"சரி நியூட்டன் அம்மா, எழுதிக் குடு."

எப்படி வெட்டுவது என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு துண்டிலும் என்ன வைப்பது என்று தெரியவில்லை. அன்று மாலை ஏரிக்கரைக்குப் போனேன்.

மில்லில் அரைக்க வந்தவர் ஒரே ஒரு பெண்தான். மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி விடாமல் தும்மினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் மிஷினைவிட்டு நகரவில்லை.

"வெளில காத்தாட குந்தேன்," என்றார் கன்னியம்மாள் அக்கா.

"குந்துவேன். போன வருஷம் வேற மிஷின்ல இப்டித்தான் போய்க் குந்தினேன். ஊட்ல போய்ப் பாத்தா தூள்ல பாதி கேவுரு. நீ அரை, நான் நிக்கிறேன்."

அப்போதுதான் கவனித்தேன். மிளகாய் மிஷின் தெருவைப் பார்த்து முன்னால் இருந்தது. கோதுமை, கேழ்வரகு மிஷின்கள் உள்ளே தள்ளி இருந்தன.

"இதை ஏன் முன்னால வச்சீங்க அக்கா?"

"பட்டாபிராம்ல செவுத்துக்கு அந்தாண்ட கீது. பொம்பளைங்க எட்டி எட்டிப் பாத்து டெய்லி சண்ட. அதான் இங்க மொளகாக்குத் தனி மிஷினு, தெருவாண்ட. நல்லாப் பாத்துக்கட்டும்."

"இதை எங்ககிட்ட சொல்லவே இல்லையே."

"இதெல்லாமாம்மா மைக்குல சொல்லுவாங்கோ?"

அன்று ராத்திரி நான்கு வரி எழுதினேன்.

மொளகா காஞ்சிடுச்சா? ஏரிக்கரை கன்னியம்மா மிஷின்.

மொளகாக்குன்னே தனி மிஷின். ஏரிக்கரை கன்னியம்மா.

உங்க மொளகா, உங்க கண்ணு முன்னாடி. ஏரிக்கரைக்கு வாங்க.

தும்மல் வந்தா தும்முங்க, கண்ண மட்டும் எடுக்காதீங்க. கன்னியம்மா மிஷின், ஏரிக்கரை.

சார் படித்துப் பதிவு செய்தார். கன்னியம்மாள் அக்கா கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "மொளகா காஞ்சிடுச்சான்னு கேட்டா ஊட்ல பூந்து சோதனை போடற மாதிரி கீது சார்."

எங்கெங்கே இடைவெளி விட வேண்டும் என்று சாருக்குக் காட்டுவதற்காக என் போனில் பேசி வைத்திருந்தேன். அதைப் போட்டேன். அக்கா போனைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டார். மறுபடி கேட்டார்.

"இத்தப் போடு."

"அது சும்மா மாதிரிக்கு அக்கா. என் குரல் யாருக்கும் கேக்காது."

"பின்ன ஸ்பீக்கரு எதுக்குக் கீது?"

சார் மைக்கை என் பக்கம் நகர்த்தினார். பட்டாபிராம் பஸ் என் நினைவுக்கு வந்தது. யார் குரல் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வந்தது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. இந்த முறை நான் குனியவில்லை.

"மொளகா காஞ்சிடுச்சா?" என்றது ஆட்டோ.

பக்கத்து மாடியிலிருந்து மங்களம் அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னும் ஒருநாள் காயணும்மா," என்றார். பிறகுதான் யாருக்குப் பதில் சொன்னோம் என்று தெருவை எட்டிப் பார்த்தார்.

ஒரு விளம்பரத்துக்கு யாரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த நிமிஷம் என் கை மிளகாய்க்குள் அப்படியே நின்றுவிட்டது.

அம்மா நிமிர்ந்து, ஆட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மிளகாயை வாரிப் பையில் போட ஆரம்பித்தார்.

"காயலையேம்மா."

"போதும். கெளம்பு, மிஷினுக்குப் போலாம்."

ஏரிக்கரையில் வரிசை தெருவுக்கு வந்திருந்தது. கையில் பைகளோடு பெண்கள் எல்லோரும் ஒரே திசையில் மிஷினைப் பார்த்தபடி நின்றார்கள். ஒருத்தி தும்மினால் அடுத்தவள், "கண்ண எடுக்காத," என்றாள். சிரிப்பு வரிசை முழுக்க ஓடியது. நான் எழுதிய வரி அது. இப்போது அவர்களுடையதாகிவிட்டிருந்தது.

"கன்னிம்மா, அந்த ஆட்டோப் பொண்ணு யாரு?" என்று முன்னால் நின்றவர் கத்திக் கேட்டார். "வாசல்ல வந்து கூப்ட்ட மாதிரியே கீது."

"சொல்ல மாட்டேன். சத்தியம் வாங்கிக்கினு கீது."

அம்மா சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் சொல்லக் கூடாது என்பதற்காக இல்லை.

"நான்தான்," என்றேன்.

மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கன்னியம்மாள் அக்கா மட்டும் என் உதடு அசைந்ததைப் பார்த்துவிட்டார். எட்டி ஸ்விட்சை அணைத்தார். தெரு சட்டென்று அமைதியானது. எல்லா முகங்களும் முதல்முறையாக மிளகாயைவிட்டு என் பக்கம் திரும்பின.

"இப்ப சொல்லு," என்றார் அக்கா.

"நான்தான் எழுதினேன். நான்தான் பேசினேன்."

வரிசையின் கடைசியில் நின்ற ஒரு பெண் பையைத் தூக்கிக் காட்டினார்.

"இங்க வரிக்கும் கேக்குதும்மா."

அக்கா மறுபடி மிஷினைப் போட்டார்.