பூட்டுக்கடைக்காரர் கடல் கடந்த விதம்

கப்பலில் ஏறிய அன்றைக்கே மச்சான் ஆரம்பித்துவிட்டான். சாப்பாட்டு மேசையில் முன்பின் தெரியாதவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து, "இவரு யாருன்னு தெரியுதா? எங்க அக்கா வீட்டுக்காரர். கடலையே நீந்திக் கடந்த மனுஷன்!" என்றான்.

எதிரே இருந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நிஜமாவா?" என்று பூட்டுக்கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்தார்.

"எங்க, ஒரு வாளித் தண்ணியில குளிக்கச் சொல்லுங்க பார்ப்போம்!" என்று மச்சான் மேசையைத் தட்டிச் சிரித்தான். மேசையே சிரித்தது.

விஷயம் இதுதான். பெண் பார்க்கப் போனபோது கல்யாணத் தரகர் ஒரு அளவுக்கு மீறிப் பேசிவிட்டார். மாப்பிள்ளைக்குப் பூட்டுக்கடை இருக்கிறது, கெட்ட பழக்கம் இல்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். பெண் வீட்டார் கொஞ்சம் யோசிப்பது போலத் தெரிந்ததும் பதறிப்போய், "பையன் கடலையே நீந்திக் கடந்தவன்" என்று அடித்துவிட்டார். எந்தக் கடல், எதற்காகக் கடந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது.

மாப்பிள்ளைக்கோ தண்ணீர் என்றால் குலை நடுங்கும். மழை பெய்தால் நின்ற பிறகும் கடையை விட்டு வெளியே வரமாட்டார். கூரையில் சொட்டுவது ஓயட்டும் என்பார். அன்றிலிருந்து மச்சானுக்கு வாயில் போட்டு மெல்ல ஒரு கதை கிடைத்தது. நல்லது கெட்டது எது நடந்தாலும் அதை எடுத்துவிடுவான். இப்போது மகள் அப்பா அம்மாவுக்கென்று கப்பல் டிக்கெட் வாங்கிக் கொடுக்க, "நானும் வர்றேன்" என்று ஒட்டிக்கொண்டு வந்ததே இதற்குத்தானோ என்னவோ.

ஊரார் சிரித்ததைப் பூட்டுக்கடைக்காரர் பொறுத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கு மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுதான் அவருக்குச் சாப்பாடு இறங்காமல் செய்தது. இவள் ஒரு பொய்யை நம்பித்தானே நமக்குக் கழுத்தை நீட்டினாள்? சிரிக்கிறாளே தவிர, உள்ளுக்குள் ஏமாந்துபோனேன் என்ற நினைப்பு இல்லாமலா இருக்கும்? இத்தனை வருஷமாக அவர் மனசில் கிடந்த முள் அது.

மறுநாள் விடிந்ததும் மேல்தளத்துக்குப் போனார். கப்பல் இன்னும் துறைமுகத்தில்தான் நின்றது. நீச்சல் குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேலே ஒரு வலையைக் கட்டி வைத்திருந்தார்கள். குளத்துக்குப் பொறுப்பான ஆள் ஓரத்தில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி எங்க தம்பி?"

"கடல்ல இருக்கு சார்."

"கிண்டலா?"

"இல்ல சார். இந்தக் குளத்துக்கு கடல் தண்ணிதான். கரைகிட்ட எல்லாம் அழுக்கா இருக்கும். அதனால நல்ல ஆழத்துக்குப் போனதும் பம்பைப் போட்டு ஏத்துவோம். சாயங்காலம் அந்தக் கரை வர்றதுக்கு முன்னாடி தொறந்து விட்டுடுவோம். குளத்துல தண்ணியோட துறைமுகத்துக்குள்ள போகக் கூடாது."

"அப்ப அசல் கடல் தண்ணி?"

"வேணும்னா நக்கிப் பாருங்க சார், ஒரே உப்பு."

பூட்டுக்கடைக்காரர் காலித் தொட்டியைப் பார்த்தார். அவருடைய மூளையில் ஒரு பூட்டு திறந்துகொண்டது. கடல் தண்ணீர். அது இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகிறது. அதற்குள் ஒரு மனுஷன் இருந்தால், அவன் கடலுக்குள் இருந்தபடியே கடலைக் கடந்தவன்தானே?

"ஆழம் எவ்வளவு?"

"உங்க நெஞ்சு வரைக்கும் வரும்."

"நான் இப்பவே இறங்கி நிக்கலாமா?"

குளத்து ஆள் யோசித்தார். "தண்ணி இருந்தாதான் சார் என் பொறுப்பு. தண்ணி இல்லன்னா அது தரை. தரை கூட்டுறவங்க பொறுப்பு. அவங்க இன்னும் வரல. அதனால உங்கள வேணாம்னு சொல்ல இப்ப ஆளே இல்ல." சொல்லிவிட்டு வலையின் ஒரு மூலையை அவரே தூக்கிப் பிடித்தார்.

மனைவி காப்பியோடு தேடிக்கொண்டு வந்தபோது, கணவர் அரைக்கால் சட்டையோடு, தோளில் ஒரு துண்டோடு காலித் தொட்டிக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, அங்க என்ன பண்றீங்க?"

"கடலைக் கடக்கப் போறேன்."

"காப்பி?"

"வேணாம். குடிச்சா நடுவுல வெளிய வர வேண்டியிருக்கும்."

பின்னாலேயே வந்த மச்சானுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. யாரும் கேட்காமலே நடுவர் பதவியை எடுத்துக்கொண்டான். "சரி மாமா, சட்டம் சொல்றேன் கேட்டுக்கோங்க. நீந்தணும்னு சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க போய்ச் சேர்ந்துடுவீங்க, அக்கா என்னைத்தான் திட்டும். நில்லுங்க, போதும். ஆனா ஏணியில ஏறிட்டீங்கன்னா ஆட்டம் முடிஞ்சுது. கப்பல் அந்தக் கரையைத் தொடுற வரைக்கும் உடம்புல கடல் தண்ணி பட்டுக்கிட்டே இருக்கணும்."

"இருக்கும்."

"பட்டா, செத்தாலும் இனிமே இந்தக் கதையைப் பேச மாட்டேன்."

"பேசவே கூடாது மச்சான்."

கப்பல் கிளம்பியது. கரை கண்ணுக்கு மறைந்ததும் குளத்து ஆள் பம்பைப் போட்டார். சுவரில் இருந்த வாய் வழியாகக் கடல் உள்ளே வந்தது. கணுக்கால் வரைக்கும் பூட்டுக்கடைக்காரர் தைரியமாகத்தான் இருந்தார். முழங்காலில் பல் கிட்டியது. அடிவயிற்றில் பட்டபோது போட்ட கூச்சலில், சாய்வு நாற்காலிகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உயிர் காக்கும் சட்டையைத் தேடினார்கள். நெஞ்சு வரைக்கும் வந்து தண்ணீர் நின்றது. அவர் ஏணிக் கம்பியைக் குழந்தை தாயைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் சேர்ந்தது. கப்பலில் ஆட்டம் பாட்டம் நடத்தும் பெண் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "பயணிகளே! நம்ம மேல்தளத்துல இப்ப ஒருத்தர் கடலைக் கடந்துக்கிட்டிருக்காரு!" எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டியவர்களும் அதே கடலைத்தான் அதே வேகத்தில் கடந்துகொண்டிருந்தார்கள் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"சார், இப்ப எந்த இடத்துல இருக்கீங்க?" என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டார்.

பூட்டுக்கடைக்காரர் கப்பலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். "பாதி தாண்டியிருக்கும்."

"மூச்சு வாங்குதா?"

"பரவாயில்ல."

மத்தியானம் மனைவி சாப்பாட்டைக் கொண்டுவந்து குளத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் இரண்டு கவளம் வாங்கிக்கொண்டார். நெஞ்சு வரை தண்ணீர், தொண்டையிலோ ஈரமே இல்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

"எதுக்குங்க இந்தக் கூத்து? அவன் ஏதோ உளர்றான்னா நீங்களும்..."

"அவனுக்காக இல்ல."

"பின்ன?"

"நீ தட்டை எடுத்துட்டுப் போ."

அவள் போகவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கடல் குணம் மாறியது. கப்பல் இடது பக்கம் சாய, குளத்துத் தண்ணீர் மொத்தமும் ஒரு பக்கமாகச் சுவர் ஏறியது. பூட்டுக்கடைக்காரரின் கை கம்பியிலிருந்து நழுவியது. கால் தரையை விட்டது. கப்பல் வலது பக்கம் சாய்ந்தபோது தண்ணீர் அவரை அப்படியே தூக்கிக்கொண்டு எதிர்ச்சுவருக்கு ஓடியது. மறுபடி இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம். கையையும் காலையும் அவர் உதைத்த உதைக்கு, பார்த்தவர்களுக்கு அது நீச்சல் போலவேதான் இருந்தது.

"அடேங்கப்பா! என்னமா நீந்துறாரு!" என்றாள் நேற்று கரண்டியைக் கீழே வைத்த அம்மாள்.

"இவரு நீந்தல, தண்ணிதான் இவரை வச்சு நீந்துது" என்றான் மச்சான். அவன் குரலில் பழைய தெம்பு இல்லை.

குளத்து ஆளுக்கு இக்கட்டு. இப்படி ஆடினால் குளத்தை வலை போட்டு மூட வேண்டும் என்பது விதி. ஆள் உள்ளே இருக்கும்போது வலை போடக் கூடாது என்பதும் விதி. என்ன செய்வதென்று மேலதிகாரியிடம் கேட்கப் போனார். அந்த அதிகாரி அவருக்கு மேலதிகாரியிடம் கேட்கப் போனார். பதில் வருவதற்குள் கடலே அடங்கிவிட்டது. பூட்டுக்கடைக்காரர் மனைவி உட்கார்ந்திருந்த விளிம்பில் வந்து மோதி நின்றார். மூக்கு, காது எல்லாம் உப்பு. ஆனால் ஏணிப் பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் தூரத்தில் கரை ஒரு கோடாகத் தெரிந்தது. குளத்து ஆள் தயங்கித் தயங்கி வந்தார். "சார், தொறந்து விடணும்."

"இன்னும் கரை வரலையே தம்பி."

"வர்றதுக்கு முன்னாடிதான் சார் விடணும்."

காலையில் இதையேதான் சொல்லியிருந்தார். பூட்டுக்கடைக்காரர் தண்ணீர் ஏறுவதையே நினைத்துப் பயந்ததில், இறங்குவதை யோசிக்க மறந்துபோனார். நெஞ்சிலிருந்து இடுப்புக்கு வந்தது. இடுப்பிலிருந்து முழங்காலுக்கு. காலை முழுவதும் எந்தத் தண்ணீரைக் கண்டு அலறினாரோ, அதே தண்ணீர் இப்போது போகிறதே என்று இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கப் பார்த்தார். கரை இன்னும் கோடாகவே இருந்தது. மச்சான் மேலிருந்து கையைத் தட்டினான். "தண்ணி போச்சு, ஆட்டமும் போச்சு! மேல வாங்க மாமா!"

கணுக்காலுக்குக் கீழே போனபோது பூட்டுக்கடைக்காரர் ஒரு காரியம் செய்தார். தொட்டியின் நடுவில் இருந்த வடிகால் ஓட்டைக்கு நடந்து போனார். அதன் மேல் அப்படியே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் இரண்டு தடவை முனகிவிட்டு நின்றது. அவரைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குக் கடல் மிச்சம் இருந்தது.

"சார், எழுந்திருங்க சார்!"

"மாட்டேன்."

குளத்து ஆள் வாக்கி டாக்கியை எடுத்தார். "மேல்தளக் குளம் இன்னும் காலியாகல. அடைப்பு... இல்ல, குப்பை இல்ல... பூட்டுக்கடைக்காரர்... ஆமா, ஆளேதான். உட்கார்ந்திருக்காரு."

கப்பலின் வேகம் குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. பல மாடி உயரக் கப்பல், அத்தனை சனத்தையும் சுமந்துகொண்டு, ஒரு மனுஷன் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை என்பதற்காகத் துறைமுக வாசலில் காத்து நின்றது.

"மாமா, மானம் போகுது! விளையாட்டுக்குச் சொன்னதுய்யா!" என்று மச்சான் கெஞ்ச ஆரம்பித்தான்.

அவன் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஏணி வழியாகக் கீழே இறங்கினாள். ஈரத் தரையில் பார்த்துப் பார்த்து நடந்து வந்து கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்பவாவது சொல்லுங்க. யாருக்காக?"

அவர் சுற்றி இருந்த தண்ணீரைக் கையால் தன் பக்கம் தள்ளிக்கொண்டார். "உன்னை ஏமாத்தித்தானே கட்டிக்கிட்டேன். அந்தத் தரகர் சொன்னதை ஒரு தடவையாவது நிஜமாக்கிடலாம்னு பார்த்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நேற்று மாதிரி பொத்திக்கொள்ளவில்லை. "யாரு ஏமாந்தா? பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு எங்க அம்மா கொடுத்த தண்ணி டம்ளரை நீங்க தட்டி விட்டீங்க, ஞாபகம் இருக்கா? தரையில தண்ணி ஓடினதும் ரெண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல வச்சுக்கிட்டீங்க. கடலைக் கடந்தவன் செய்யற வேலையா அது?"

"அப்ப உனக்குத் தெரியுமா?"

"தரகர் வாயைத் தொறந்தப்பவே தெரியும். அவரு அடிச்சு விடுறாரு, இங்க உங்க காது ரெண்டும் செவந்துபோய்க் கெடக்கு. பொய் சொல்றவங்க ஆயிரம் பேர் கிடைப்பாங்க. அடுத்தவன் சொன்ன பொய்க்குக் கூசுற ஆளு எங்க கிடைப்பான்? அதான் சரின்னேன்."

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"நீங்க கேட்டாத்தானே!"

பூட்டுக்கடைக்காரருக்குப் பெரிய பாரம் ஒன்று இறங்கிவிட்டது. அதற்காக ஓட்டையை விட்டு எழுந்திருக்கவும் மனசு வரவில்லை. "இருந்தாலும்... இவ்வளவு தூரம் வந்தாச்சே" என்று முனகினார்.

"அதுக்கென்ன, விட்டுடுவோமா?" என்றாள் அவள். இத்தனை ஆட்டத்திலும் அவர் தோளோடு ஒட்டிக்கிடந்த துண்டை உருவி, மிச்சமிருந்த கடலில் போட்டுப் புரட்டி நன்றாக ஊற வைத்தாள். பிழியாமல் அப்படியே அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். கடல் அவர் முதுகு வழியாக ஒழுகியது. பிறகு குளத்து ஆளை அண்ணாந்து பார்த்து, "தம்பி, துண்டுல இருக்கிற தண்ணி உங்க பொறுப்பா?" என்றாள்.

"தொட்டியில இருந்தாதான்மா என் பொறுப்பு. துண்டு அது சலவைக்காரங்க பொறுப்பு."

பூட்டுக்கடைக்காரர் எழுந்தார். மிச்சத் தண்ணீர் மடமடவென்று இறங்கிப் போனது. கப்பல் ஊதியது, நகர்ந்தது, கரையைத் தொட்டது. கப்பல் பக்கவாட்டில் இடிக்கும் சத்தம் கேட்கிற வரைக்கும் அவர் காலித் தொட்டிக்குள்ளேயே சொட்டச் சொட்ட நின்றார்.

கரையில் பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். எல்லோரும் உலர்ந்த துணியோடு வரிசையில் நிற்க, இந்த ஒரு ஆள் மட்டும் காலடியில் குட்டை கட்டிக்கொண்டு நின்றார்.

"இவரு ஏன் இப்படி நனைஞ்சிருக்காரு?"

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். வாயெடுத்தவன் அப்படியே பெட்டியைக் கீழே வைத்து, அதன் பூட்டைச் சரிபார்க்கத் தொடங்கினான்.

"கடலைக் கடந்து வந்திருக்காருங்க" என்றாள் அவள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பூட்டுக்கடைக்காரரின் காது இரண்டும் சிவந்துபோயின. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.