டாக்டரம்மா கேட்ட கேள்வி

குண்டாக இருப்பவள் சந்தோஷமாகத்தான் இருப்பாள் என்று முடிவுகட்டிவிட இந்த உலகத்தில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. "திருப்பதி தண்ணி ஒத்துக்கிச்சு போலக்கீதே, நல்லா தேறிட்டேடி" என்று அரக்கோணத்திலிருந்து அக்கா வீடியோ காலில் சொன்னபோது தேவசேனா சிரித்து வைத்தாள். போனை வைத்ததும் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதிலும் சொந்தக்காரர் வாய் இருக்கிறதே, அது மூடி இல்லாமலே செய்யப்பட்டது.

புருஷன் சம்பத்துக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, போன வருஷம்தான் இருவரும் திருப்பதிக்குக் குடிவந்தார்கள். வந்த புதிதில் தேவசேனா தையல் மெஷினை ஜன்னலோரமாகப் போட்டாள். போட்டவள் அப்படியே ஒரு பழைய புடவையை எடுத்து அதை மூடிவிட்டாள். காலையில் கண் விழித்தால் அழுகை வந்தது. எதற்கென்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. காத்து, கருப்பு என்று அலையாமல் சம்பத் அவளை நேராக மனநல டாக்டரிடம் கூட்டிப்போனான். அவன் வாழ்க்கையில் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

டாக்டரம்மா தெலுங்குக்காரர். பொறுமையாகக் கேட்டார், எடை பார்த்தார், மனச்சோர்வு என்றார், மாத்திரை எழுதினார். சம்பத்துக்கு ஷிப்ட் மாறி மாறி வந்ததாலும், தேவசேனாவுக்கு வாசல்படி தாண்டுவதே மலையேறுவதுபோல் இருந்ததாலும், அதன்பிறகு எல்லாம் போனில்தான் நடந்தது.

மாத்திரை பாதி கேட்டது. தூக்கம் வந்தது. மெஷின் மேலிருந்த புடவையைக்கூட ஒருநாள் எடுத்துவிட்டாள். ஆனால் காலை அழுகை மட்டும் போவேனா என்றது. போதாததற்கு உடம்பு ஊதிக்கொண்டே வந்தது. முதலிலேயே பூசினாற்போன்ற உடம்புதான். இப்போது வளையல் ஏறவில்லை, மோதிரம் இறங்கவில்லை. தன் ரவிக்கைகளை ஒவ்வொன்றாகத் தானே பிரித்து, உள்ளே விட்டிருந்த துணி தீரும்வரை தளர்த்திக்கொண்டாள்.

போனில் டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்டார். "ஏமம்மா, ஒள்ளு ஏமன்னா சேசாவா?"

ஒல்லியாகிவிட்டாயா என்றுதானே கேட்கிறார்? வேறென்ன? கடைக்குப் போய்வரும் அளவு தெலுங்குதான் தேவசேனாவுக்குத் தெரியும். உள்ளதைச் சொல்வோம் என்று, "லேதம்மா", இல்லையம்மா, என்பாள். "மஞ்சிதி, சரி, அதே மாத்திரை சாப்பிடு" என்று டாக்டரம்மா வைத்துவிடுவார்.

தேவசேனா யோசித்தாள். இந்த மாத்திரை கேட்டால் உடம்பு இளைக்கும் போலிருக்கிறது. அதனால்தான் டாக்டரம்மா விடாமல் கேட்கிறார். ஊரில் மற்றவர்களெல்லாம் ஒல்லியாகி, அழுகை நின்று, நன்றாக இருக்கிறார்கள். தனக்கு மட்டும் தலைகீழாக நடக்கிறது. மருந்துக்கே அடங்காத ஜென்மம் தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கையிலிருக்கும் அட்டை தீர்ந்ததும் மறுபடி வாங்கப் போவதில்லை என்று முடிவெடுத்தாள். சம்பத்திடம் சொல்லவில்லை. அட்டையில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

அப்போதுதான் கீழ்வீட்டு வரலட்சுமி படியேறி வந்தாள். வீட்டின் சொந்தக்காரி. தம்பி வீட்டுக் கிருகப்பிரவேசத்துக்குப் போட பட்டு ரவிக்கை ஒன்றை தேவசேனாவின் மடியில் போட்டாள். "ஒள்ளு சேசானு தேவசேனா, கொஞ்சம் பாத்து சரிபண்ணு" என்று சொல்லிவிட்டு, அளவெடுக்கக்கூட நிற்காமல், அடுப்பில் பால் இருக்கிறதென்று ஓடினாள்.

தேவசேனாவின் கண்ணுக்கு வரலட்சுமி இளைத்ததாகத் தெரியவில்லை. சொல்லப்போனால் படியே முனகியது. ஆனால் வீட்டுக்காரம்மா தன்னை ஒல்லி என்றால் ஒல்லிதான். வாடகைக்கு இருப்பவள் எதிர்த்துப் பேசுவாளா? இரண்டு பக்கமும் அரை இஞ்ச் உள்ளே பிடித்து, கையையும் இறுக்கி அழகாகத் தைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் வரலட்சுமி ரவிக்கையோடு திரும்பி வந்தாள். கையோடு என்றால் நிஜமாகவே கையோடு. போட்டிருந்த ஜாக்கெட்டுக்கு மேலே, முழங்கையில் அது மாட்டிக்கொண்டு நின்றது.

"ஏம்மே, இன்னா வேலை இது? மேலயும் போகல, கீழயும் வரல!"

"நீங்கதானக்கா ஒல்லியாயிட்டேன்னீங்க?"

"ஒல்லியா? நானா?" வரலட்சுமி அப்படியே கட்டிலில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தாள். "என்னைப் பார்த்தா ஒல்லியாவா கீது? அய்யோ பைத்தியமே, ஒள்ளுன்னா உடம்பு! ஒள்ளு சேசானுன்னா உடம்பு போட்டுட்டேன்னு அர்த்தம்!"

தேவசேனாவுக்கும் சிரிப்பு வந்தது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அது பாதியில் நின்றது. போனில் டாக்டரம்மா கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. உடம்பு போட்டுட்டியா என்று கேட்டிருக்கிறார். இவள் இல்லை, இல்லை என்றே சொல்லியிருக்கிறாள்!

அன்று சாயங்காலம் சம்பத் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரையை நிறுத்த இருந்ததையும் சேர்த்துச் சொன்னாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"கம்முனு நிறுத்திட்டிருப்பியா? என்னாண்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டே?"

"உங்களாண்ட சொன்னா நீங்க அழுவீங்க."

அவன் லீவு போட்டான். மறுநாள் நேரிலேயே போனார்கள். தேவசேனா எடை மெஷினில் ஏறினாள். முதலில் பார்த்ததைவிட ஏழு கிலோ கூடியிருந்தது. 'ஒல்லி' கதையைக் கேட்டு டாக்டரம்மா சிரிக்கவில்லை. நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"தப்பு நாதே. என் தப்புதான். போன்ல கேட்டுட்டு விட்டேன், நேர்ல வரச்சொல்லியிருக்கணும்." பிறகு தெரிந்த தமிழில் மெல்ல விளக்கினார். "உடம்பு எடை கூடுதலா இருந்தா சிலருக்குச் சில மாத்திரை முழுசா கேக்காம போகலாம். சில மாத்திரை தானே எடையையும் ஏத்தும். எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்ல முடியாது. உன் விஷயத்துல ரெண்டும் சேர்ந்துக்கிச்சோன்னு சந்தேகம். தைராய்டும் சுகரும் பாத்துடுவோம். அப்புறம் வேற மாத்திரைக்கு மெதுவா மாறுவோம். நீயா மட்டும் நிறுத்தவே கூடாது, சரியா?"

"அப்போ எம்மேல தப்பு இல்லியாம்மா?"

"உன் மேல ஏமி தப்பு? மாத்திரைதான் உனக்குச் சரியா அமையல."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தேவசேனா இத்தனை மாதம் காத்திருந்தாள் போலிருக்கிறது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து போனதுபோல் இருந்தது அவளுக்கு.

பழைய மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, புதியது ஏறியது. நடுவில் தலைசுற்றல், வாய் உலர்தல், எரிச்சல் எல்லாம் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போயின. ஒவ்வொன்றையும் டாக்டரம்மாவுக்குச் சொன்னாள். தெலுங்கில் சந்தேகம் வந்தால் போனைக் கீழே வரலட்சுமியிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

அடுத்தடுத்த மாதங்களிலும் நேரில் போனார்கள். ஒருநாள் தேவசேனா எடை மெஷினில் ஏறினாள். சம்பத் குனிந்து பார்த்தான். பரீட்சை முடிவு பார்க்கிற முகம் அப்படியே தொங்கிப்போயிற்று.

"இன்னா மேடம் இது? இவ்ளோ நாளாச்சு, ஒரு கிலோகூட முழுசா எறங்கலியே!"

டாக்டரம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தேவசேனா மெஷினிலிருந்து இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"எறங்கும்போது எறங்கட்டும், வுடுங்க" என்றாள். "இன்னிக்குக் காலீல காபி போட்டுக்கினு இருந்தேன். பால் பொங்கி வரும்போதுதான் நெனப்பே வந்துச்சு, எந்திரிச்சதுலேர்ந்து நான் இன்னும் அழவே இல்லியேன்னு."

சம்பத் நிமிரவில்லை. எடை மெஷினையே பார்த்தபடி நின்றான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து டாக்டரம்மா மேஜைமேல் இருந்த டிஷ்யூ பெட்டியை அவன் பக்கமாக நகர்த்தினார்.