‘பலி’ வரக் கூடாது

தணிக்கை அதிகாரி சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "புத்தகத்துல 'பலி'ங்கற சொல் எங்கயும் வரக் கூடாதும்மா. 'இழப்பு'ன்னு மாத்திக் கொண்டாங்க. உங்க அண்ணன் கையெழுத்துப் போடட்டும், கூட்டிட்டுப் போங்க."

அணை உடைஞ்சு ஊரையே அடிச்சிட்டுப் போனதைப் பத்தின ஆய்வு நூல் அது. ஒரு பேராசிரியை எழுதினது. பதிப்பகம்னா நானும் அண்ணனும்தான். அச்சுக்குப் போறதுக்குள்ள அண்ணனைப் பிடிச்சு உள்ள வச்சிட்டாங்க. சர்க்கரை வியாதிக்காரன், ஊசி மருந்தைக்கூட உள்ள அனுப்ப விடல. கால் வீங்கிப் போச்சுன்னு ஒரு காவலர் அண்ணிகிட்ட சொன்னதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. மானமாவது மண்ணாங்கட்டியாவது, ஆள் வந்தா போதும்னு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தேன்.

'பலி'யைத் தேடி 'இழப்பு'ன்னு மாத்து. ஒரே தட்டு. 'இழப்புயானோர்'னு அசிங்கமா நின்ன இடத்தையெல்லாம் கையால சரி பண்ணினேன். கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு எழுத்தே தெரியல. முழுசாப் படிக்காமலே பக்கங்களை எடுத்துக்கிட்டு, அதிகாரி காத்திருந்த ஜெயில் ஆபீசுக்கு ஓடினேன்.

அண்ணனைக் கூட்டிட்டு வந்தாங்க. சட்டை தொளதொளன்னு தொங்குச்சு. "போட்டுடு அண்ணா, மத்ததைப் பிறகு பேசிக்கலாம்"னேன். தலையாட்டினான், பேனாவை வாங்கினான். பாழாப்போன பழக்கம், படிக்காம ஒரு துண்டுச் சீட்டுலகூட கையெழுத்துப் போட மாட்டான். அச்சகத்துக்காரங்க அவனுக்கு வச்ச பட்டப்பேரே 'கமா'. முன்னுரையிலயே நின்னுட்டான்.

"என்னம்மா இது, 'மக்களின் துயரைப் பிரதிஇழப்புக்கிறது'?"

'பிரதிபலி'க்குள்ளயும் ஒரு பலி உக்காந்திருக்குன்னு எந்தப் பாவிக்கு ஞாபகம் வரும்?

அண்ணன் சிரிச்சான். அதிகாரி எட்டிப் பார்த்தார், அவருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. "சரி, அதை மட்டும் திருத்திட்டுப் போடுங்க"ன்னார். எனக்கு உயிர் வந்துச்சு.

அண்ணன் அந்தச் சொல்லை அடிச்சான். ஓரத்துல 'பிரதிபலிக்கிறது'ன்னு முத்து முத்தா எழுதினான். எழுதின பேனா அதோட நிக்கல. அடுத்த வரி, 'பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த குழந்தைகள் அனைவரும் இழப்பு.' இழப்பை அடிச்சு, 'பலி'ன்னு எழுதினான்.

"அண்ணா, உன் கால்ல விழறேன், வேண்டாம்."

"பிழைம்மா இது. குழந்தைங்க அனைவரும் இழப்புன்னு யாராவது சொல்வாங்களா?" மத்தியானம் ஆபீஸ்ல உக்காந்து ப்ரூஃப் பார்க்கறவன் மாதிரி பொறுமையாச் சொல்லிட்டு, பக்கத்தைப் புரட்டினான்.

அதிகாரி மணியடிச்சார். ரெண்டு பேர் வந்து அவன் கையிலேர்ந்து பேனாவைப் பிடுங்கினாங்க. அந்த நிமிஷம் அவனை நான் வெறுத்தேன், சத்தியமா. உன் தமிழைக் கட்டிக்கிட்டு சாவுடான்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அவன் காலை இழுத்து இழுத்து உள்ள போனான்.

வெளியே வந்தேன். அண்ணி காரோட பின் கதவைத் திறந்து, அவன் காலை நீட்டி வச்சுக்கத் தோதா தலையணை போட்டுக்கிட்டிருந்தாங்க.